மிட்சுயோ வீட்டு நரிவளை

எங்கள் கரையில் மிட்சுயோவைப் போலச் சுத்தக்காரி கிடையாது. காயப்போட்ட கடற்பாசியில் ஒரு மணல் ஒட்டியிருந்தாலும் அவளுக்குப் பொறுக்காது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் என் பக்கத்து வீடு. வாய் மட்டும் சும்மா இருந்திருந்தால் நானும் அவளை மெச்சியிருப்பேன்.

பனி உருகியதும் ஒரு செந்நரி வருஷாவருஷம் என் பாசிக் கொட்டகைக்கு அடியில்தான் குட்டி போடும். நரி இனாரி சாமியின் ஆள், அது தங்குகிற வீட்டைக் கடல் கைவிடாது என்று ஹொக்கைடோவில் எங்கள் பக்கம் எல்லாரும் நம்புவோம். ஊர்ப் பெண்கள் நரிக்குப் படைக்கப் பொரித்த டோஃபுவோடு என் வாசலுக்கு வருவார்கள். மிட்சுயோவும் வருவாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

இந்த வருஷம் அந்தப் பாழாய்ப்போன நரி அவளுடைய படகுக் கொட்டகைக்கு அடியில் வளை தோண்டிவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன். நரி மூத்திர வீச்சம் மூடுபனியோடு என் அடுப்படி வரை வரும். அவளோ வேலியருகே நின்று என்னிடமே குறைப்பட்டுக்கொள்வாள்.

"நாத்தம் தாங்கலக்கா. என்ன பண்றது, நம்ம வீட்டத் தேடி வந்துடுச்சு. போன்னா சொல்ல முடியும்?"

கோவில் திருவிழாவுக்கு முன்னால் ஊர்ப் பெண்கள் குட்டிகளைப் பார்க்க வருவதாகப் பேச்சு. வளை வாசலில் மீன் முள்ளும் பறவை இறகும் எலித்தோலும் இறைந்து கிடந்தன. வீட்டுக்கு ஆள் வரும்போது அதை அப்படியே விடுவாளா? எல்லாவற்றையும் பெருக்கித் தள்ளினாள். வாசலைச் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்தாள். சாமி சம்பந்தப்பட்ட இடமாயிற்றே என்று தீட்டுக் கழிய உப்பும் தூவினாள். நரிக்கு அந்த வாடைதான் வீடு. தாயும் குட்டிகளும் மூக்கை வைத்துத்தான் வாசலைத் தெரிந்துகொள்ளும். இது அவளுக்கு எங்கே புரியப்போகிறது!

பெண்கள் அவள் ஜன்னலருகே கூடி நின்றபோது தாய் நரி வாயில் மீனோடு வந்தது. வாசலை முகர்ந்து பார்த்து மீனைக் கீழே போட்டது. சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு உள்ளே நுழைந்து, ஒரு குட்டியைப் பிடரியில் கவ்விக்கொண்டு வெளியே வந்து, நேராக என் வேலிப் பக்கம் நடந்தது.

என் கொட்டகை அடைப்புப் பலகையை அவசரமாக நகர்த்தி வைத்துவிட்டு விலகி நின்றேன். வாடி என் தாயே என்று மனதுக்குள் கூப்பிட்டேன். அது என் பக்கம் திரும்பக்கூட இல்லை. கொட்டகையைத் தாண்டி மூங்கில் புதர் மேட்டில் ஏறிப் போய்விட்டது. மிச்சக் குட்டிகளையும் அதே வழியில்தான் தூக்கிப் போனது.

பெண்கள் கலைந்த பிறகு மிட்சுயோ வேலியருகே வந்தாள். கண் சிவந்திருந்தது. நான் திறந்து வைத்திருந்த கொட்டகையை எட்டிப் பார்த்தாள்.

"உங்ககிட்டயும் வரலியாக்கா?"

"நீ கழுவின கழுவுல ஊரையே விட்டு ஓடியிருக்கு," என்றேன்.

"இருக்கட்டும்க்கா. உங்ககிட்டயும் வரல, இல்ல?"

முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி, அரிசி களையப் போனாள். நரி போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அவள் அப்படி நிம்மதியாகப் போனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.