அவங்களையே கேளு: செலின் நினைவாக

மாத்தூர் வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது செலினின் மகள் போன் செய்தாள். "அங்கிள், அம்மா காலைல தூக்கத்துலயே போய்ட்டாங்க" என்றாள். முந்தைய நாள் சாயங்காலம்தான் எங்கள் அலுவலக ஓய்வுபெற்றோர் வாட்ஸப் குழுவில், கணக்கெடுப்பாளர்களுக்கான புதிய பயிற்சிக் கையேட்டில் இருந்த ஒரு எழுத்துப்பிழையைச் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பியிருந்தார். கையிலிருந்த ஈரச் சட்டையை வாளியிலேயே போட்டுவிட்டுக் கீழே இறங்கினேன்.

ராயபுரத்தில் அடக்கத்துக்கு வந்தவர்களுக்குத் தெரியும், மாதா கோயில் நிரம்பித் தெருவிலும் கூட்டம் நின்றது. எத்தனை பேர் இருப்பார்கள் என்று யாரோ கேட்டார்கள். வாழ்நாளெல்லாம் புள்ளிவிவர அலுவலகத்தில் வேலை பார்த்து, அன்று கோயிலுக்குள் உட்கார்ந்திருந்த நாங்கள் மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னோம். செலின் கேட்டிருந்தால், "மூணு பேரும் உள்ள குந்திகினு சொல்றீங்க. வெளில போய்ப் பாத்தீங்களா?" என்றிருப்பார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செலின் ராயபுரத்துக்காரர். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். புள்ளிவிவரத்தில் முதுகலை முடித்துக் களப்பணி அதிகாரியாகச் சேர்ந்தார். மக்கள் எங்கே பிறந்தார்கள், எங்கிருந்து வந்தார்கள், ஏன் வந்தார்கள் என்று தேர்ந்தெடுத்த வீடுகளில் கேட்டு எழுதுவது அவர் வேலை. எழுதி வந்த பதில்களில் முரண் இருக்கிறதா என்று சரிபார்ப்பது என் வேலை. ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்த நாங்கள் சண்டை போட்டே சிநேகிதர்களானோம். அலுவலகத்தில் பலர் நாக்கைத் திருத்திக்கொண்டு பேசுவார்கள். செலின் இயக்குநரிடமும் ராயபுரம் தமிழில்தான் பேசினார்.

ஒருமுறை எண்ணூரில் ஒரு கட்டுமான இடத்துக்கு அவரோடு போனேன். வாசலில் இருந்த காவலாளி எங்களை மறித்தார்.

"இங்க யாரும் குடியில்ல மேடம். வேல முட்ஞ்சா பூடுவாங்க."

செலின் அவர் தோளுக்கு மேலாக, தகரக் கொட்டகையை ஒட்டிக் கட்டியிருந்த துணிக்கொடியைப் பார்த்தார். "அப்ப அந்த லுங்கியெல்லாம் மட்டும் இங்க குடியிருக்குதா நைனா?" என்றார். காவலாளி சிரித்துவிட்டு வழிவிட்டார்.

உள்ளே ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர்கள் இருந்தார்கள். ஊரில் கேட்டால் சென்னைக்குப் போய்விட்டான் என்பார்கள். இங்கே கேட்டால் யாரும் குடியில்லை என்பார்கள். இரண்டு கணக்கிலும் விழாமல் போகக்கூடியவர்கள். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரே குடும்பம் என்பது எங்கள் விதி. ஆகவே செலின் தன் ராயபுரத்து இந்தியில், "குடும்பத் தலைவர் யார்?" என்று கேட்டார். அவர்கள் கூடிப் பேசிவிட்டு, மூலையில் உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்த சமையல்காரரைக் காட்டினார்கள். அவர் வெட்கத்தோடு எழுந்து நின்றார்.

"எழுதிக்கோ சம்பத்து" என்றார் செலின் என்னிடம். "நெசமான தலைவரு. ஒருநாள் இவரு லீவு போட்டா குடும்பமே காலி."

அவர் செய்த பெரிய வேலை திருவொற்றியூரில் தொடங்கியது. அன்றும் நான் கூடப் போயிருந்தேன். கடலோரத் தெருவில் ஒரு வீட்டுக் கதவைத் திறந்தவர் எல்லாக் கேள்விக்கும் தானே பதில் சொன்னார். மனைவி பிறந்தது ராமநாதபுரம் பக்கம், சென்னைக்கு வந்த காரணம் திருமணம் என்றார். அதற்குள் உள்ளேயிருந்து அந்த அம்மா ஈரக் கையைத் துடைத்தபடி வந்தார்.

"இன்னா சொல்லிகினு கீற நீ? நான் எறா கம்பெனி வேலைக்கு வந்தேன். ஆஸ்டல்ல இருந்தேன். உன்ன அப்பால தான பாத்தேன்."

கணவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "ஆமா மேடம், கம்பெனி வாசல்ல தான்" என்றார்.

திரும்பும்போது கும்மிடிப்பூண்டி ரயிலில் செலின் வழியெல்லாம் அந்த இறால் கம்பெனிக் கதையையே பேசினார். இடம்பெயர்ந்த பெண்களில் பெரும்பாலோருக்குக் காரணம் திருமணம் என்று எங்கள் அட்டவணைகள் சொல்லிவந்தன. அதில் எத்தனை பேர் தாங்களே சொன்னது, எத்தனை பேருக்காக வேறொருவர் சொன்னது?

"வீட்ல இருக்கற விவரம் தெரிஞ்சவர் சொன்னா போதும்ங்கறதுதானே விதி?" என்றேன்.

"அவ கல்யாணத்துக்கு வந்தான்னு எழுதுனா, கவர்மெண்டுகாரன் அவளுக்கு ஆஸ்டல் எதுக்கு, ஷிப்டு முடிஞ்சா பஸ்ஸு எதுக்குன்னு கேப்பான். வேலைக்கு வந்தான்னு எழுதுனாதான் குடுப்பான். அவங்க இன்னாத்துக்கு வந்தாங்கன்னு அவங்களையே கேளு."

ஆனால் ஒரு வீட்டுக் கதையை வைத்து விதியை மாற்ற முடியாது என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அடுத்த முன்னோட்டக் கணக்கெடுப்பில் ஒரு சோதனை வைக்க இயக்குநரிடம் அனுமதி கேட்டார். குலுக்கல் முறையில் பிரித்துப் பாதி வீடுகளில் வழக்கம்போல் கதவைத் திறந்தவரிடம் கேட்பது. மறுபாதியில் சம்பந்தப்பட்டவரிடமே கேட்பது. செலவு கூடும், ஆள் வீட்டில் இல்லாவிட்டால் திரும்பத் திரும்பப் போகவேண்டும் என்று இயக்குநர் தயங்கினார். "திரும்பப் போறது நான் தான சார், நீங்க இல்லியே" என்றார் செலின். இயக்குநர் கையெழுத்துப் போட்டார்.

மாலை ஷிப்டு முடிந்து வரும் பெண்களுக்காக அவர் தெருமுனை டீக்கடையில் காத்திருந்த நாட்கள் பல. அந்தச் சோதனையில் அவர் தோற்றதும் உண்டு. திருமணத்துக்காக ஊர் மாறினேன் என்று எந்த ஆணும் சொல்லமாட்டான் என்று என்னிடம் அடித்துச் சொல்லியிருந்தார். தண்டையார்பேட்டையில் ஒரு மெக்கானிக், "வூட்டோட மாப்ள மேடம், மாமியார் சமையல் சூப்பரா இருக்கும்" என்று கூசாமல் சொன்னார். அதை எங்கள் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தது செலின்தான்.

முடிவுகளை நானே சரிபார்த்தேன். சம்பந்தப்பட்டவரிடமே கேட்ட பாதியில் வேலைக்காகவும் படிப்புக்காகவும் வந்த பெண்கள் கண்ணுக்குத் தெரியும்படி கூடியிருந்தார்கள். அறிக்கை டெல்லிக்குப் போனது. விவாதங்கள் நீண்டன. நாங்கள் மறந்தேபோன ஒரு சமயத்தில் திருத்திய கையேடு வந்தது. இடப்பெயர்வுக்கான காரணத்தைக் கூடுமானவரை சம்பந்தப்பட்டவரிடமே கேட்டுப் பெறவேண்டும் என்று ஒரு வரி சேர்ந்திருந்தது.

அந்த ஒரு வரிக்காகச் செலின் அலுவலகம் முழுவதற்கும் பிரியாணி வாங்கினார். சாப்பிடும்போதே, "கூடுமானவரைன்னா இன்னா அர்த்தம்? டீ குடிச்ச நேரம் போக மிச்ச நேரமா?" என்று கேட்டார். அடுத்த வாரமே அந்தச் சொல்லை எடுக்கச் சொல்லி ஒரு குறிப்பும் அனுப்பினார். அது இன்னும் எடுக்கப்படவில்லை.

அவரிடமிருந்து எனக்குத் தங்கியிருப்பது ஒரு பழக்கம். கேள்வி யாருக்கோ, அவர் வாய் திறக்கும்வரை நான் சும்மா இருப்பது. எனக்கு அது சுலபமில்லை.

செலினை அடக்கம் செய்த மறுமாதம் எங்கள் வீடும் ஒரு கணக்கெடுப்பில் வந்தது. டேப்லட்டோடு வந்த பெண் என் மனைவியைப் பற்றி என்னிடம் கேட்கத் தொடங்கினாள். நான் சமையலறைப் பக்கம் கைகாட்டி, "அவங்களையே கேளும்மா" என்றேன். பிறந்தது செய்யாறு என்றாள் என் மனைவி. சென்னைக்கு வந்த காரணம்? அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டு எடத்துல மாப்பிள்ள பாத்திருந்தாங்க. ஒண்ணு ஆரணி, ஒண்ணு மெட்ராஸ். எனக்குத் தெனம் கடல் பாக்கணும்னு ஆச. மெட்ராஸ்னு சொல்லிட்டேன். இவரு போட்டோவக்கூடச் சரியாப் பாக்கல."

இத்தனை வருடத்தில் இதை அவள் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அந்தப் பெண் காரணப் பட்டியலை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். கடல் அதில் இல்லை. திருமணம் என்று போட்டுவிடட்டுமா என்பதுபோல் என்னைப் பார்த்தாள்.

"'மற்றவை'ன்னு கடைசியில இருக்கும், பாரும்மா" என்றேன்.