கட்டடத்துக்கு மார்க் போட்ட காலம்

பிள்ளைக்கு மார்க் குறைந்தால் பெற்றவர்கள் பிள்ளையைத் திட்டுவார்கள்; கட்டடத்துக்கு மார்க் குறைந்தால் கட்டடத்தைத் திட்ட முடியாது, எங்களைத்தான் திட்டுவார்கள். பசுமைக் கட்டடம் என்று சான்றிதழ் வாங்க ஆசைப்படுகிறவர்களுக்கு வழிகாட்டுவது எங்கள் தொழில். தண்ணீரை மிச்சம் பிடித்தால் மார்க், கரண்டைக் குறைத்தால் மார்க், பகல் வெளிச்சம் உள்ளே வந்தால் மார்க். எல்லாவற்றையும் கூட்டி வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று தரம் சொல்வார்கள். மார்க் போடுகிற அதிகாரி வேறு எங்கிருந்தோ வருவார். அவர் வருவதற்குள் கட்டடத்தையும் கட்டினவரையும் ஒரு வழிக்குக் கொண்டுவர வேண்டியது எங்கள் பாடு.

பாலக்காட்டில் எங்கள் ஆபீஸ். முதலாளி ராமநாதன் சார், கல்பாத்திக்காரர். இஞ்சினியர் சேவியர், வண்டன்மேட்டில் ஏலக்காய்த் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளை. மூன்றாவது ஆள் கொழிஞ்சாம்பாறைக் கவிதா, அதாவது நான். பேசுவது தமிழ்தான் என்றாலும் மூன்று பேருக்கும் மூன்று தமிழ். ‘நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன்’ என்ற சொல்லைக் கேட்டு ராத்திரியோடு ராத்திரியாக ஒட்டடை அடித்தவர்கள் பள்ளிக்கூடத்தில் இருப்பீர்கள், ஆஸ்பத்திரியில் இருப்பீர்கள், ஹோட்டலில் இருப்பீர்கள். நீங்கள் எல்லாரும் என் கட்சி.

மச்சினன் வாங்கின தங்கம்

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பழனிச்சாமி என்று ஒரு ரைஸ் மில்காரர் புது வீடு கட்டினார். பொள்ளாச்சியில் அவருடைய மச்சினன் வீடு தங்கம் வாங்கிவிட்டது. அன்றிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை. பிளாட்டினத்துக்குக் குறைந்து எதுவும் வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்றார். வாசலில் பெரிய புல்தரை, நடுவில் நீரூற்று, ரூமுக்கு ரூம் ஏசி எல்லாம் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தன. எங்கள் பக்கத்தில் சித்திரை மாதம் போர் போட்டால் தண்ணீருக்கு முன்னால் புழுதி வரும். அந்த ஊரில் நீரூற்று!

சேவியர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். இது சேர்க்கச் சேர்க்க ஏறுகிற மார்க் இல்லை, குறைக்கக் குறைக்க ஏறுகிற மார்க். கவுரவத்துக்காக வைத்ததெல்லாம் கழித்தலில் போகும் என்று தெரிந்ததும் பழனிச்சாமி முகம் வாடிப்போனது. நீரூற்றை விட்டுக்கொடுத்தார். புல்லை எடுத்துவிட்டு வேம்பும் புங்கனும் வைக்கச் சம்மதித்தார். அப்படியும் எட்டவில்லை. எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டார்: “ஏனுங்க அம்மிணி, ஊட்டுக்கு டியூசன் கீது வெச்சா பிளாட்டினம் வருமுங்களா?”

வெளிச்சத்துக்குக் காத்திருந்தது

மாட்டுப்பட்டிக்குப் போகும் மலைவழியில் ஒரு ரிசார்ட். அறைக்குள் பகல் வெளிச்சம் எவ்வளவு வருகிறது என்று மீட்டர் வைத்து அளக்க வேண்டும். நாங்கள் போய் இறங்கியதுமே மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே உலகமே இல்லை. மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு சேவியர் ஒரு மூலையில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு ராமநாதன் சார் ஒரு மூலையில். மறுநாளும் அதே கதை. சமையல்கட்டிலிருந்து டீ கொண்டுவரும் முருகேசனுக்கு எங்களைப் பார்க்கப் பாவமாகிவிட்டது. “வெளிச்சம் வராட்டி என்ன சார், மஞ்ச அளந்துட்டுப் போங்க. அதுல எங்கள அடிக்க ஆளே கெடையாது!”

மறுபடியும் கதவு

அதே ரிசார்ட்டில்தான் இதுவும். பழைய மரத்தைத் திரும்பப் பயன்படுத்தினால் மார்க் உண்டு. ரிசார்ட் முதலாளி, எஸ்டேட்டில் இடித்த பழைய லயங்களின் கதவுகளை மொத்தமாக வாங்கி, இழைத்து, மெருகேற்றி அறைகளுக்குப் போட்டிருந்தார். லயம் என்றால் தேயிலைத் தொழிலாளர்களுக்குக் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகள். நான் ஒவ்வொரு கதவாகப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தேன். ஓரறையில் கதவு திறக்கவே இல்லை. நான் தள்ளினேன், சேவியர் தள்ளினார். சாவியில்தான் கோளாறு என்று மேனேஜரைக் கூப்பிடப் போனோம்.

அறைகளைச் சுத்தம் செய்யும் ராசாத்தியக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். கைப்பிடியைப் பிடித்துக் கதவைக் கொஞ்சம் மேலே தூக்கி, இடுப்பால் ஓர் இடி இடித்தார். திறந்துகொண்டது. “எங்க வீட்டுக் கதவுல்ல. மழை பேஞ்சா இப்படித்தான் அடம் பிடிக்கும்” என்றார், ஏதோ பேரப்பிள்ளையைச் சொல்வதுபோல.

எனக்குப் போட்டோ எடுக்கக் கை வரவில்லை. அவரே முந்தானையைச் சரிசெய்துகொண்டு கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார், குடும்பப் படத்துக்கு நிற்பதுபோல. உள்ளே பஞ்சு மெத்தை, பூ ஜாடி. ராமநாதன் சார் தயங்கித் தயங்கி, “மனசுக்குக் கஷ்டமா இருக்கோ?” என்று கேட்டார். ராசாத்தியக்கா கதவை ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சிரித்தார். “எதுக்கு சார் கஷ்டம்? இதுக்குள்ள நாங்க ஒம்போது பேரு கெடந்தோம். இப்பத் தங்க வர்றது ரெண்டு பேருதான். இதுக்காவது ரெஸ்ட் கெடச்சுதே!”

அசையாத சிஸ்டர்கள்

சக்குபள்ளத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. தலைமை சிஸ்டர் பிலோமினா. புதுக் கட்டடம் தங்கத் தரம் வாங்கினால், அடுத்ததாக ஆபரேஷன் தியேட்டர் கட்டித் தருவதாக வெளியூர் நன்கொடையாளர்கள் சொல்லியிருந்தார்கள். தியேட்டர் இல்லாததால் பிரசவத்தில் சிக்கல் என்றால் ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு கட்டப்பனைக்கு ஓட வேண்டும். அந்த ரோட்டில் ஒரு தடவை போய்ப் பார்த்தவர்களுக்கு நான் மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே ஒரு மார்க்கையும் விடக் கூடாது என்று, ஆள் நடமாட்டம் இருந்தால் மட்டும் எரியும் விளக்குகளை எல்லா இடத்திலும் போட்டோம், ஜெபக்கூடம் உள்பட. அங்கேதான் வினை. சிஸ்டர்கள் கண்ணை மூடி, மூச்சுக் காட்டாமல் தியானத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஆள் இல்லை என்று நினைத்து விளக்கு அணைந்துவிடும். கடைசி வரிசையில் ஓர் இளம் சிஸ்டர் இரண்டு கையையும் தூக்கி ஆட்டுவார். எரியும். மறுபடி அணையும். மறுபடி ஆட்டுவார். இதைப் பார்த்த நோயாளிகள், புதுசாக ஏதோ சபை வந்துவிட்டது என்று பேச ஆரம்பித்தார்கள். பிலோமினா சிஸ்டர் எங்களைக் கூப்பிட்டனுப்பினார். கோபமே இல்லாத குரலில் சொன்னார்: “நாங்க ஆடாம அசையாம இருந்தாலும் இருக்கோம்னு ஆண்டவருக்குத் தெரியுது. உங்க விளக்குக்குத்தான் விசுவாசம் பத்தல.”

ஜன்னலுக்கு வெளியே

ஜெபக்கூடத்தில் பழையபடி சுவிட்ச் போட்டோம். அந்த மார்க் போயிற்று. கூட்டிப் பார்த்தால் தங்கத்துக்கு விளிம்பில் நின்றோம். இனி ஒன்று போனாலும் வெள்ளிதான். பிரசவ வார்டை மலை போல நம்பியிருந்தோம். படுத்திருப்பவருக்கு வெளியே பசுமை தெரிய வேண்டும் என்பது விதி. அந்த வார்டின் பெரிய ஜன்னல்களுக்கு அப்பால் ஏலக்காடு சரிவாக இறங்கிப் போகும். அதைவிடப் பசுமை எங்கே கிடைக்கும்?

அதிகாரி வந்தார். கண்டிப்பானவர், டீ கூட வேண்டாம் என்றுவிட்டார். வார்டுக்குள் நுழைந்தால் ஒரு ஜன்னலில் திரை இழுத்து மூடியிருக்கிறது. அந்தக் கட்டிலில் ஜெயராணி என்ற பெண், பிறந்து இரண்டு நாளான குழந்தையோடு படுத்திருந்தாள். அதிகாரி நேரே போய்த் திரையை விலக்கினார். மழை பெய்து விட்டிருந்தது. காடு அத்தனையும் பச்சைப் பசேலென்று நின்றது. அவரே ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, “இத்தனை அழகை ஏம்மா மூடி வெச்சிருக்கே?” என்று கேட்டார். சேவியர் கையெடுத்துக் கும்பிடாத குறையாக அவளுக்குக் கண்ணைக் காட்டினார். அவள் கவனிக்கவில்லை. குழந்தையைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: “மூடிருங்க சார். அதுதான் நான் வேலை பாக்குற காடு. போய்க் குனியத்தானே போறேன். இங்க கெடக்குற நாளாவது அது கண்ணுல படாம கெடக்கேனே.”

அதிகாரி திரையைத் தன் கையாலேயே இழுத்து மூடினார். ஓசை வராமல் இருக்க மெதுவாக இழுத்தார். வராந்தாவுக்கு வந்து, மார்க் போய்விட்டது என்று நாங்கள் மூன்று பேரும் சுவரோடு சுவராக நின்றபோது, அவர் ராமநாதன் சாரைப் பார்த்துச் சொன்னார்: “ஜன்னல் இருக்கணும்னுதான் விதி. எப்பத் திறக்கிறதுங்கிறது அந்தப் பொண்ணு இஷ்டம்.”

தங்கம் வந்தது. தியேட்டரும் வந்தது. அங்கே முதல் அறுவைசிகிச்சையில் பிறந்த குழந்தையின் படத்தைப் பிலோமினா சிஸ்டர் சேவியருக்கு அனுப்பியிருந்தார். அதை எங்களிடம் காட்டிவிட்டுச் சேவியர் திரும்பத் திரும்ப அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மலை ரோட்டில் ஜீப்பில் பிறந்த பிள்ளை அவர் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

எங்கள் ஆபீஸ்

பெரிய நகரத்துக் கம்பெனிகள் வந்து இறங்க, எங்களுக்கு வேலை குறைந்துகொண்டே போனது. சேவியருக்கு வளைகுடாவில் வேலை கிடைத்தது. ராமநாதன் சாருக்கும் மலை ஏறி இறங்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஆபீஸைக் காலி செய்த அன்று மூன்று பேரும் கடைசியாக உட்கார்ந்திருந்தோம். குடைக்கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். நட்ட நடுப்பகலில் டியூப்லைட் எரியும். சொட்டுகிற குழாய்க்குக் கீழே எப்போதும் ஒரு பக்கெட். இதனாலேயே சார் யாரையும் மாடிக்கு வர விட்டதில்லை. “நானே வந்து பாக்கறேன்” என்று கிளம்பிவிடுவார்.

சேவியர் சுற்றிலும் பார்த்து விரல் விட்டு எண்ணினார். வெளிச்சம் சைபர், காற்று சைபர், தண்ணீர் சைபர். “சார், நம்ம ஆபீசு ஃபெயிலு” என்றார். நான் சிரிக்கத்தான் ஆரம்பித்தேன்; சிரிப்பாக முடியவில்லை. சார் டியூப்லைட்டை அணைத்தார். இருட்டில் அவர் குரல் மட்டும் கேட்டது: “சாரமில்லைடா சேவியர், போனாப் போறது. ஊருக்கெல்லாம் ஜன்னல் வெச்சுக் குடுத்தோமோல்லியோ, அது போறும்.”

இப்போது கோயம்புத்தூரில், பிளாட்டினம் வாங்கிய கட்டடத்தின் ஏழாவது மாடி ஆபீஸில், திறக்கவே முடியாத கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு அந்த இருட்டறைக்கு ஏங்குகிறேன் என்றால், இத்தனை வருஷத்தில் மார்க் போடக் கற்றுக்கொள்ளாதது நான் ஒருத்திதான் போலிருக்கிறது.