மார்த்தா வந்து நின்ற கிழமை

பிரெஞ்சு மேல்நிலைப் பள்ளியான லீசேயில் இரண்டாவது வருடம் படித்த காலத்தில் எனக்கு விடிந்தாலும் கோபம், பொழுதுபட்டாலும் கோபம். அதில் முக்கால்வாசி அப்பாவின் மேல். மிச்சம் ஸ்பானிஷ் பாடத்தின் மேல்.

அந்தப் பாடத்தை எடுத்ததே அப்பாவோடு சண்டை பிடித்துத்தான். இரண்டாம் மொழி எதுவென்று சொல்ல வேண்டிய வயதில், "ஜெர்மன் படி, பெரியம்மா வீட்டை போய் நிண்டு கதைச்சுப் பழகலாம்" என்றார். ஜெர்மனியில் இருக்கிற பெரியம்மா வீட்டில் ஒரு சீவன் ஜெர்மன் கதைப்பதில்லை. அங்கே எல்லாரும் நல்ல யாழ்ப்பாணத் தமிழில்தான் ஆளையாள் திட்டிக்கொள்வார்கள். என் வகுப்பில் பாதிக்கு மேல் ஸ்பானிஷ். நானும் ஸ்பானிஷ்தான் என்று ஒற்றைக்காலில் நின்றேன். "உலகத்திலை வேறை பாசை இல்லையோ?" என்று கேட்டுவிட்டு அப்பா படியிறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகு ஸ்பானிஷில் எனக்கு என்ன புள்ளி என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கணக்கில் அரைப் புள்ளி குறைந்தால் வீட்டை இரண்டாக்குகிற மனிதர்!

அப்பாவுக்குத் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் தெருவில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை. நாங்கள் இருந்தது அதே தெருவில், லிப்ட் இல்லாத கட்டிடத்தின் மேல்மாடியில், இரண்டே அறையில். ஸ்பெயின் என்ற சொல்லை எங்கள் வீட்டில் தக்காளிப் பெட்டியில்தான் பார்க்கலாம். பெட்டியை அவர் தலைகீழாகக் கவிழ்த்து அதன்மேல் காலை நீட்டிக்கொண்டு செய்தி பார்ப்பார்.

எனக்குக் கோபம் வந்தால் வாயில் பிரெஞ்சு வரும். அப்பா அதை விளங்கிக்கொண்டு, பதிலை மனதுக்குள் கூட்டிச் சேர்த்து முடிப்பதற்குள் நான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிடுவேன். அப்படித்தான் எங்கள் சண்டைகளில் நான் வென்றுகொண்டிருந்தேன்.

அந்த வருடம் எங்கள் ஸ்பானிஷ் ரீச்சர் ஒரு ஏற்பாடு செய்தார். குளிர்காலத்தில் ஸ்பெயின் பிள்ளைகள் வந்து எங்கள் வீடுகளில் ஒரு கிழமை, முழுதாக ஏழு நாள், நிற்பார்கள். வசந்தம் வந்ததும் நாங்கள் போய் அவர்கள் வீடுகளில் நிற்போம். எனக்கு அந்தப் பயணத்தைத் தவிர வேறொரு நினைப்பும் இல்லை. அதுவரை நான் தனியாகப் போன மிகத் தூரமான இடம் பக்கத்து ஊரான சென் தெனி. அதுவும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு.

அப்பா ஒரேயடியாக மறுத்தார். காரணம் கேட்டால் காரணம் இல்லை. "அங்கை போக வேண்டாம்" என்பார், அவ்வளவுதான். பெட்டைப் பிள்ளை, இரவில் அந்நியர் வீடு, ஊர்ச்சனம் என்ன சொல்லும் என்றெல்லாம் சொல்லியிருந்தால்கூட எதிர்த்துக் கத்த எனக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். அதையும் தரவில்லை. விசர் பிடித்தது எனக்கு.

அம்மாதான் குறுக்கே வந்தாள். நான் போகிற கதையைப் பிறகு பார்ப்போம், அந்தப் பிள்ளை வந்து நிற்கட்டும் என்று அப்பாவுக்குத் தெரியாமல் கையெழுத்து வைத்துக் கொடுத்தாள். "வாறன் எண்டு நிக்கிற பிள்ளையை வேண்டாம் எண்டு சொல்லுறதோ?" விசயம் தெரிந்ததும் இதற்காக அப்பா அவளோடு சில நாள் முகங்கொடுத்துக் கதைக்கவில்லை. வந்தவள் சந்தோசமாகத் திரும்பிப் போனால் அப்பா இளகுவார் என்பது எங்கள் இருவரின் கணக்கு.

வந்தவளின் பெயர் மார்த்தா. மெலிந்த பிள்ளை. ஸ்பானிஷைத் தவிர வேறொன்றும் தெரியாது, என் ஸ்பானிஷோ அவளுடைய வேகத்துக்கு முன்னால் நொண்டியது. ஆனால் ஆபத்து சாப்பாட்டில்தான் இருந்தது. தட்டில் ஒன்றும் மிச்சம் விடாதே என்று அவளுடைய தாய் சொல்லி அனுப்பியிருக்கிறாள். எங்கள் வீட்டில் தட்டு வெறுமையானால் இன்னும் வேண்டும் என்று அர்த்தம். பாவம், அவள் முடிக்க முடிக்க அம்மா போட, அம்மா போடப் போட அவள் முடிக்க, இப்படியே நடந்துகொண்டிருந்தது. "நல்லாச் சாப்பிடுது பிள்ளை" என்று அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. நான் தடுத்தால், "நீயும் இப்பிடிச் சாப்பிட்டால் என்ன?" என்று பேச்சு விழுந்தது எனக்குத்தான்.

அப்பா அவள் கண்ணில் படாமலே திரிந்தார். விடிய எழும்பிப் போய், நாங்கள் படுத்த பிறகு வருவார். புதன்கிழமை அவருக்கு லீவு, எங்களுக்கும் மத்தியானத்தோடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். அன்றைக்குத்தான் தப்பியோட வழியில்லாமல் மேசையின் மூலையில் வந்து குந்தினார். இடியப்பமும் சொதியும் ஆட்டிறைச்சிக் கறியும். மார்த்தா தன் தட்டை வழித்து முடித்து நிமிர்ந்ததும் அம்மா இன்னும் இரண்டு இடியப்பத்தைத் தூக்கி வைத்தாள்.

மார்த்தா எழும்பி நின்று அழத் தொடங்கினாள். விக்கி விக்கி அழுகை, அதற்குள் மழை மாதிரி ஸ்பானிஷ். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. "என்னவாம்? என்னவாம்? இத்தனை வருசமாய் என்னத்தையடி படிச்சனீ?" என்று அம்மா என்னை உலுக்கினாள்.

அப்போது மூலையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "சியென்தாதே!"

உட்கார் என்று அர்த்தம். சொன்னது அப்பா. அப்பாவின் குரலே இல்லை அது, தடித்து அதட்டுகிற குரல். மார்த்தா அப்படியே கதிரையில் விழுந்தாள். அழுகை பட்டென்று நின்றது. பிறகு அவர், சத்தம் போடாதே, நாளைக்கு, எல்லாம் நாளைக்கு என்று துண்டு துண்டாக ஸ்பானிஷில் சொன்னார். சொல்லிவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பி வழக்கமான குரலில், "பிள்ளைக்கு வயிறு முட்டிப்போச்சு, இனிப் போடாதை. தாயை நினைச்சு அழுகுது" என்றார்.

அம்மா அகப்பையும் கையுமாக நின்றாள். அவள் முகத்தில் பயம் இருந்ததே தவிர ஆச்சரியம் இல்லை. அதை நான் கவனித்தேன், ஆனால் அதை வைத்து யோசிக்க எனக்குப் பொறுமை இருக்கவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மார்த்தாவைப் படுக்க அனுப்பிவிட்டு அப்பாவின் முன்னால் போய் நின்றேன். இத்தனை வருடம் நான் அந்தப் பாடத்தில் சின்னப்பட்டுக்கொண்டிருக்க, வாய்க்குள் ஸ்பானிஷை வைத்துக்கொண்டு ஊமைபோல இருந்திருக்கிறீர்கள், எங்கே படித்தீர்கள் என்று பிரெஞ்சில் கத்தினேன். தக்காளி கொண்டுவருகிற லொறிக்காரரிடம் பிடித்ததாம். சரி, அப்படியானால் எனக்குச் சொல்லித் தாருங்கள் என்றேன். யன்னலுக்கு என்ன சொல்? தெரியாது. மாமிக்கு? தெரியாது. பசிக்கிறது என்று எப்படிச் சொல்வது? அது தெரியும். எழும்பு, வரிசையில் நில், கையைக் காட்டு, சப்பாத்தைக் கழற்று, வாயை மூடு, இவையும் தெரியும். இவ்வளவு கேடுகெட்ட லொறிக்காரரோடா சகவாசம், நல்லதாக ஒரு சொல்கூடப் பிடிக்கவில்லையா, ஒரு சின்னப் பிள்ளையை மிரட்டி என் மானத்தை வாங்கிவிட்டீர்களே என்று பேசித் தள்ளினேன். அவர் தக்காளிப் பெட்டியைக் காலால் தள்ளிவிட்டு எழும்பி வெளியே போனார்.

லொறிக்காரர் கதை பொய் என்று அம்மா எனக்குச் சொன்னது போன வருடம்தான், நான் வேலைக்குப் போய் வெகு நாளைக்குப் பிறகு. அப்பாவை ஊரிலிருந்து கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் ஆபிரிக்காவில் இறக்கிவிட்டு ஓடிவிட்டானாம். அங்கிருந்து களவாகப் படகேறி, ஸ்பெயின் கரையில் பிடிபட்டு, மாதக்கணக்கில் மறியலில் அடைபட்டுக் கிடந்தாராம். எப்போது விடுவீர்கள் என்று கேட்டால் நாளைக்கு என்பார்களாம். அவருடைய ஸ்பானிஷ் முழுக்கக் காவல்காரன் வாயிலிருந்து வந்தது. "பிள்ளையளுக்கு இதையெல்லாம் ஏன் சொல்லுவான் எண்டு விட்டது" என்றாள் அம்மா. கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவரை அடைத்து வைத்தவன்கள் நாசமாய்ப் போக என்று வாய்விட்டே திட்டினேன். வாய் திறக்காத அப்பாவின் மேலும், எல்லாம் தெரிந்துகொண்டு எங்கள் சண்டைகளுக்கு நடுவில் சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மாவின் மேலும் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

ஆனால் அந்தக் கிழமை எனக்கு இது ஒன்றும் தெரியாது. சனிக்கிழமை காலை பள்ளிக்கூட வாசலில் பஸ் நின்றது. பெட்டி பாரம் என்று அம்மா அப்பாவையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். புதன்கிழமைக்குப் பிறகு மார்த்தா அவரைக் கண்டால் ஒதுங்கித்தான் நடந்தாள். அன்றைக்கு என்ன நினைத்தாளோ, அம்மாவைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டுவிட்டு நேரே அப்பாவிடம் போனாள். கையை நீட்டினாள். எனக்கு விளங்கட்டும் என்றோ என்னவோ, ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாக ஸ்பானிஷில் சொன்னாள். "எல்லாத்துக்கும் நன்றி, சேஞோர். இவளை எங்கட வீட்டை அனுப்புங்கோ, சேஞோர். என்ரை அம்மா பாத்துக்கொண்டிருப்பா."

இப்போது ஓம் என்று சொல்லத்தானே வேண்டும், வெளியாளுக்கு முன்னால் மாட்டேன் என்று சொல்ல முடியாதே என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா அவள் கையைப் பிடித்தார், விடவில்லை. கண் நிரம்பி வழிந்தது. பிறகு கையை விட்டுவிட்டு, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெத்ரோ ரயில் நிலையப் பக்கம் விறுவிறென்று நடந்தார். வசந்தத்தில் என் வகுப்பு ஸ்பெயினுக்குப் போனது. நான் போகவில்லை.

அன்றைக்குப் பள்ளிக்கூட வாசலில் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். ஓம் என்று சொல்லாமல் தப்ப எப்படி நடிக்கிறார் பார், எனக்காக ஒருநாள் கண்கலங்கியிருப்பாரா என்று அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். அந்த மொழியில் ஒருவர் தன்னை 'சேஞோர்', அதாவது 'ஐயா', என்று கூப்பிட்டு அவர் கேட்டது அதுதான் முதல் தடவை என்று எனக்குத் தெரியாது.