அக்காவின் ஆந்தையைத் தேடி ஏரிக்கரைக்கு

சென்ற சனிக்கிழமை நான் பயணம் போன தூரம் ஒன்பது கிலோமீற்றர். இதற்கும் ஒரு கட்டுரையா என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள், நானும் முதலில் சிரித்தவன்தான்.

காரணம் என் அக்கா. டோர்செட் பார்க் பகுதியில், ஒரு தொடர்மாடியின் பதினோராவது மாடியில் நாங்கள் இருவர்தான் இருக்கிறோம். எட்டு மாதம் காத்திருந்து, இதய வால்வு மாற்ற இந்த வியாழக்கிழமைக்கு அவருக்குத் திகதி கிடைத்தது. கிடைத்த மறுநாளே, விடியற்காலையில் பல்கனிப் பக்கம் ஆந்தை கூப்பிடுகிறது என்று தொடங்கிவிட்டார்.

"வீட்டடியிலை ஆந்தை கத்தினா என்ன எண்டு உனக்குத் தெரியுந்தானே? போனெடுத்துத் திகதியைத் தள்ளிவை. நான் போகமாட்டன்."

எட்டிப் பார்த்தேன். கம்பியில் மண்ணிறத்தில் மெலிந்த ஒரு புறா. "அக்கா, உது மோர்னிங் டவ்" என்றேன். அவர் வருவதற்குள் பறந்துவிட்டது. தினமும் இதே கூத்து.

"புறா குறுகுறு எண்டல்லோ சொல்லும்? உது ஊளையிடுது. என்ரை காது இன்னும் பழுதாகேல்லைத் தம்பி."

தள்ளிவைத்தால் அடுத்த திகதி எப்போது வருமோ. அதுவரை அந்த இதயம் தாங்குமா? எனக்கு நித்திரை போய்விட்டது. இந்தப் புறாக்கள் நிறைய வரும் ஏரிக்கரைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், கூவுகிற புறாவைக் கண்ணெதிரே காட்டினால்தான் சரி என்று முடிவெடுத்தேன்.

ஒன்றை மட்டும் மறைத்தேன். அந்தப் பெயரில் உள்ள 'மோர்னிங்' காலை அல்ல, துக்கம். ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே மாதிரித்தான் சொல்வார்கள். எழுதும்போது ஒரு 'யூ' கூடும். அக்கா அந்தப் பெயருக்குக் காலைப் புறா என்றே பொருள் நினைத்துக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை.

என்னிடம் கார் இல்லை. காலை 6:15க்கு கென்னடி பஸ். பிரெஸ்டோ பயண அட்டையில் ஆளுக்கு 3 டொலர் 30 சதம். இரண்டு மணித்தியாலத்துக்கு எத்தனை தடவையும் மாறி ஏறலாம். அக்கா இருக்கையில் அமரும்வரை டிரைவர் பஸ்ஸை எடுக்கவில்லை. "டேக் யுவர் டைம், அன்ரி" என்றார். அன்ரி என்றதில் அக்காவுக்குச் சரியான கோபம்.

கென்னடி ஸ்டேசன் வாசலில் கொழுத்த சாம்பல் புறாக்கள் காலுக்குள் நடந்து திரிந்தன. "உது புறா" என்றார் அக்கா, வழக்கில் வென்றவர் போல. அங்கிருந்து ஒரு ஸ்டேசன் சப்வே. வார்டனில் இறங்கித் தெற்கே போகிற பஸ். ஏழு மணிக்கு கிங்ஸ்டன் வீதியில், ஏரிக்கு மேலே உள்ள ரொசெட்டா மெக்லெயின் தோட்டத்துக்குப் போய்விட்டோம். அனுமதி இலவசம்.

ஏரியைக் காணவில்லை. மேட்டின் விளிம்புக்கு அப்பால் எல்லாமே வெள்ளை மூடுபனி. மரங்கள் பாதியில் கரைந்துபோய் நின்றன. எங்கள் காலடிச் சத்தம்கூட யாரோ தூரத்தில் நடப்பது போலக் கேட்டது. நேரமே தெரியவில்லை. அக்காவின் கையைப் பிடித்தபடி வாங்கில் இருந்தேன். சின்ன வயதுக்குப் பிறகு அந்தக் கையைப் பிடித்ததாக நினைவில்லை.

அப்போது கூவியது. பத்தடி தூரத்தில், பைன் கிளையில். அலகைத் திறக்கவே இல்லை. கழுத்து மட்டும் உப்பித் தணிந்தது. பிறகு எழும்பிப் பறந்தபோது இறகுகள் விசிலடித்தன. அக்கா மூச்சை விடவில்லை.

"உதுதான்" என்றார் மெல்ல. "உந்தச் சத்தந்தான். காலைப் புறாவே?"

பக்கத்தில் கமராவோடு நின்றவர் திரும்பினார். கல்முனைக்காரராம். "காலை இல்ல தங்கச்சி, துக்கம். மையித்து வீட்டில அழுற மாதிரி எண்டுதான் அந்தப் பேர வெச்சிருக்காங்க."

போச்சு! அந்த மனிசனை மேட்டிலிருந்து உருட்டிவிடலாம் போல இருந்தது.

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "வெள்ளைக்காரருக்கும் அழுகையாத்தான் கேட்டிருக்கு, என்ன?"

"ஓம். ஆனா அது ஜோடியக் கூப்பிடுது. நான் ஊட்டுப் பின்வளவில தீனி வெக்கிறன், நாளும் வரும். பத்து வருசமா எனக்கொண்டும் ஆகல்ல."

மூடுபனி கொஞ்சம் விலகி, தண்ணீர் ஒரு கோடாகத் தெரிந்தது.

"எனக்குப் பயமாக் கிடக்குத் தம்பி. ஆந்தையிலை பழியைப் போட்டுட்டன்."

"எனக்கும் பயந்தான்" என்றேன்.

"போனெடுக்காதை" என்றார்.

நீங்களும் போவதானால்: சனிக்கிழமை போங்கள், ஞாயிறு சப்வே எட்டு மணிக்குத்தான் தொடங்கும், அதற்குள் கூவி முடித்துவிடும். பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுபோங்கள். பூங்காவில் தீனி போடக் கூடாது. தடித்த ஜாக்கெட் வேண்டும். உடம்புக்கு முடியாதவர்களுக்குப் பாதை சமதரை, வாங்குகளும் உண்டு.

இன்று வியாழக்கிழமை, இதை ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறையில் இருந்து எழுதுகிறேன். சத்திரசிகிச்சைக்கு ஐந்து மணித்தியாலம் என்றார்கள், ஆறாகிவிட்டது. பஸ் விபரம் எழுதினால் நேரம் போகும் என்று நினைத்தேன், போகவில்லை. கதவைத் திறந்து ஒரு தாதி அக்காவின் பெயரைத் தப்பும் தவறுமாக வாசிக்கிறார். "ஃபமிலி?" என்று கேட்கிறார்.

ஓம். நான்தான். நான் மட்டுந்தான்.