நீடாமங்கலம் கேட்டைத் தவிர்க்கப் போய்

2025 பிப்ரவரி 20, வியாழக்கிழமை, காலை மணி 6.50. தஞ்சாவூரில் மூடுபனி. காரின் திரை 22 டிகிரி காட்டியது. மருத்துவக்கல்லூரிச் சாலையில் எங்கள் வீட்டு வாசலில் ஓடோமீட்டர் 41,306. கடற்கரையை ஒட்டியே ஒடிசாவின் புரி வரை போய்த் திரும்புவது என்று பதினான்கு நாள் திட்டம். முதல் நாள் திருவாரூர், நாகப்பட்டினம், நாகூர், திருக்கடையூர் வழியாக இரவுக்குள் புதுச்சேரி. ஏறக்குறைய 240 கிலோமீட்டர்.

நாங்கள் மூன்று பேர். நான், வயது எழுபத்தொன்று. என் மனைவி சகுந்தலா. பதினான்கு நாளுக்கும் வண்டி ஓட்ட ஒப்புக்கொண்ட செல்வம். அன்று இரவுக்குள் நாங்கள் புதுச்சேரி போய்ச் சேரவில்லை. வண்டியில் ஒரு குறையும் இல்லை, சாலையிலும் இல்லை. குறை என்னிடம் இருந்தது. பயணம் போகிறவர்களுக்கு அதுவும் தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

7.25. அம்மாபேட்டையில் தேநீர். மூன்று டம்ளர், 45 ரூபாய். பனி விலகியதும் இரு பக்கமும் அறுவடை முடிந்த வயல்கள் தெரிந்தன. அறுவடை இயந்திரம் போன தடத்தில் வைக்கோல் வரிசை வரிசையாகக் கிடந்தது. சில வயல்களில் அடுத்த பயிராக உளுந்து இரண்டு இலை விட்டிருந்தது. தென்கிழக்கில் மட்டும் மேகம்.

8.05. நீடாமங்கலத்துக்கு நான்கு கிலோமீட்டர் முன்னால் நான் செல்வத்தைக் கிளைச்சாலையில் திருப்பச் சொன்னேன். நீடாமங்கலம் ரயில்வே கேட்டைப் பற்றித் தஞ்சாவூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சரக்கு ரயில் வந்து நின்றால் அரை மணி நேரம் போய்விடும்.

"கேட்டு தெறந்துகூட இருக்கலாம் சார்," என்றான் செல்வம்.

"மூடியிருந்தா?"

"நின்னுட்டுப் போவோம். புரிக்குத்தானே போறோம், ஆபீசுக்கா போறோம்?"

சகுந்தலா சிரித்தாள். நான் திருப்பு என்றேன்.

8.20. கிளைச்சாலையில் ஆறாவது கிலோமீட்டரில் நின்றுவிட்டோம். அங்கே ஒரு நெல் கொள்முதல் நிலையம். களம் நிரம்பி, நெல் குவியல்கள் சாலையோரமாக வரிசை கட்டியிருந்தன. எண்ணினேன், பதினேழு. ஒவ்வொன்றின் மேலும் படுதா, பக்கத்தில் காவலுக்கு ஒருவர். சாலையின் பாதி அகலத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. மீதிப் பாதியில் டிப்பரோடு ஒரு டிராக்டர்.

இறங்கிப் போய் எடுக்கச் சொன்னேன். எடை போடும் இடத்தில் நின்ற எழுத்தர், முப்பது வயது இருக்கும், திரும்பிப் பார்க்காமலே, "இந்த அம்மா நெல்லை எடை போட்டதும் வண்டி நகரும். கொஞ்சம் ஓரமா நில்லுங்க பெரியவரே," என்றார்.

ஓரமா நில்லுங்க என்பது எனக்குத் தைத்தது. எடையளவு ஆய்வாளராக முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். கடைவீதியில் நான் நுழைந்தால் தராசுகள் நேராகும். அந்தக் காலம் முடிந்து பதின்மூன்று ஆண்டுகள் ஆகிவிட்டன.

நான் ஓரமாக நிற்கவில்லை. எழுத்தரின் தோளுக்குப் பின்னால் போய் நின்றேன்.

நெல்லுக்குச் சொந்தக்காரர் மல்லிகா என்ற ஐம்பது வயதுப் பெண். மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், குத்தகைக்கு எடுத்துச் சம்பா போட்டவர். ஆறு நாளாக அங்கேயே காத்துக் கிடந்து அன்றுதான் அவர் முறை வந்தது. நெல்லில் ஈரம் பதினேழு சதவீதத்துக்கு மேல் இருந்தால் வாங்கக் கூடாது என்பது விதி. எழுத்தர் ஒரு பிடி நெல்லை ஈரம் பார்க்கும் மீட்டரில் போட்டார். தென்கிழக்கு மேகத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு, "பதினேழு. போடுங்கம்மா," என்றார். சுமைக்காரர்கள் சாக்கைப் பிரித்தார்கள்.

மீட்டரில் 18.2 என்றிருந்தது.

"என்ன தம்பி, பதினெட்டு புள்ளி ரெண்டு காட்டுது, நீங்க பதினேழுங்கறீங்க? மறுபடி போடுங்க, பாப்போம்," என்றேன். என் பழைய குரல் அப்படியே வந்தது. சாலை முழுக்கக் கேட்டிருக்கும்.

எல்லாரும் திரும்பினார்கள். வெள்ளைக் கார், இஸ்திரி போட்ட சட்டை, பையில் பேனா. எழுத்தரின் முகம் மாறியது. "சார்... எந்த ஆபீஸ்லேர்ந்து சார்?"

நான் பதில் சொல்லவில்லை. கணக்குப் பார்த்தால் பத்து விநாடி இருக்கும். வழிப்போக்கன், புரிக்குப் போகிறேன் என்று சொல்ல அது தாராளம். சொல்லவில்லை, ஏனென்றால் அந்தப் பத்து விநாடியும் எனக்குப் பிடித்திருந்தது.

எழுத்தர் மறுபடி போட்டார். 18.2. வரிசையில் மூன்றாவதாக நின்றவர் கத்தினார். "அப்ப நேத்து பதினெட்டுன்னு சொல்லி என் நெல்லை மட்டும் ஏன் திருப்புனீங்க? எனக்கு ஒரு சட்டம், இந்த அம்மாவுக்கு ஒரு சட்டமா?" இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். எழுத்தர் மீட்டரை மூடி, "காய வெச்சுக் கொண்டாங்கம்மா. நான் ஒண்ணும் பண்ண முடியாது," என்றார். சுமைக்காரர்கள் சாக்கைச் சுருட்டினார்கள்.

மல்லிகா என்னிடம் வந்து கை கூப்பினார். "ஐயா, வானம் கட்டிக்கிட்டு வருதுங்க. இன்னிக்குப் போடலேன்னா முளைச்சிரும். நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவரு எடுத்துக்குவாருங்க."

அப்போதுதான் சொன்னேன். நான் எந்த அதிகாரியும் இல்லை, ஓய்வு பெற்றவன், இந்தப் பக்கமாகப் போகிறவன்.

எழுத்தர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இதை நான் கேட்டப்பவே சொல்லியிருக்கலாமே சார். இப்ப அத்தனை பேரும் மீட்டரைப் பாத்துட்டாங்க. இனிமே எப்படி எழுதுவேன்?"

"சோத்துக்குப் போற வண்டிக்குக் குறுக்க வந்து விழுந்த மாதிரி இருக்கு," என்றார் சுமைக்காரர் ஒருவர்.

8.50. டிராக்டர் நகர்ந்து வழி விட்டது. செல்வம் வண்டியைக் கிளப்பி, "போலாமா சார்?" என்றான். சகுந்தலா ஏறவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள்.

"நீங்க புரிக்குப் போயிட்டு வாங்க. நான் இந்த அம்மாவோட நெல்லைக் காய வெச்சுட்டு வரேன்."

நானும் செருப்பைக் கழற்றினேன்.

ஒரு ஏக்கர் நெல்லைச் சாலையில் பரப்பினால் எவ்வளவு நீளம் வரும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. என் நடைக்கு 140 காலடி வந்தது. பாதத்தை இழுத்து இழுத்து நடந்து வரி போட வேண்டும். கடைசிவரை போய்த் திரும்பி, குறுக்கே அடுத்த வரி. மல்லிகாவின் வரிகள் நூல் பிடித்தது போல இருந்தன. என் வரிகள் கோணலாகப் போயின. "ஐயா, அழுத்தி மிதிக்காதீங்க, அரிசி நொறுங்கும்," என்று ஒரே ஒரு தடவை சொன்னார். செல்வமும் பேன்ட்டை மடித்துவிட்டு இறங்கினான். மணிக்கு நான்கு தடவை கிளறினோம். பதினொரு மணிக்கு மேல் வெயில் நன்றாக ஏறியது. என் உள்ளங்கால் கொப்பளித்தது, மூன்று இடம். அதை யாரிடமும் சொல்லவில்லை.

12.30. மல்லிகா தன் தூக்குவாளியைத் திறந்து பழைய சோறும் சுட்ட கருவாடும் எடுத்தார். சகுந்தலா எங்கள் புளியோதரைப் பொட்டலங்களைப் பிரித்து அவருக்கு ஒன்று கொடுத்தாள். இருவரும் ஒரே படுதாவில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்தப் படுதாவில் இரண்டு இடம் கிழிந்திருந்தது. வேறு வாங்கி வரும்படி செல்வத்தை நீடாமங்கலத்துக்கு அனுப்பினேன்.

1.30. மீட்டரில் 16.9. ஆனால் இதற்குள் வேறு இருவர் முன்னால் போயிருந்தார்கள். மல்லிகாவின் நெல் தராசில் ஏறியபோது மணி 2.15. நாற்பது கிலோ ஒரு சிப்பம். மொத்தம் ஐம்பத்திரண்டு சிப்பம் வரும் என்று கணக்கிட்டிருந்தார். நான் எண்ணிக்கொண்டே நின்றேன், வாய்விட்டு எண்ணவில்லை.

3.05. முப்பத்தொன்றாவது சிப்பம் தைக்கப்பட்டபோது மழை வந்தது. தூறலாக இல்லை, ஒரேயடியாக. எடை நின்றது. செல்வம் அப்போதுதான் வந்து சேர்ந்தான். கேட் நாற்பது நிமிடம் மூடியிருந்ததாம். புதுப் படுதாவை நாலு பேரும் நாலு மூலையில் பிடித்து மூடினோம். அடியில் ஓடிய தண்ணீரில் குவியலின் ஓரம் நனைந்துவிட்டது. எவ்வளவு நனைந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

மிச்சம் இருபத்தொரு சிப்பம். மீதியை மழை விட்டு, மறுபடி காய்ந்து, மறுபடி முறை வந்தால்தான் போட முடியும். காலையில் நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் மல்லிகா பத்தரை மணிக்கு வீட்டுக்குப் போயிருப்பார்.

பர்ஸை எடுத்தேன். "அந்த இருபத்தொரு சிப்பத்துக்கு உள்ளதை நான்..."

"நெல்லு இங்கதானுங்களே இருக்கு. எதுக்குங்க காசு?" என்றார். முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தார். "நீங்க சொன்னதுல பொய்யி இல்லைங்க ஐயா. பதினெட்டுதான் இருந்துச்சு. ஆனா அவரு அதைப் பாக்காமயா சொன்னாரு?"

எழுத்தர் தன் அறை வாசலில் நின்றார். அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சார்," என்றார். பெரியவரே என்றே சொல்லியிருக்கலாம்.

படுதாவையும் மல்லிகா சும்மா வாங்க மறுத்தார். "இரவலா வெச்சுக்கறேன். திரும்பி வரப்ப இந்த வழியா வந்து எடுத்துட்டுப் போங்க."

"கண்டிப்பா வர்றோம்," என்றாள் சகுந்தலா.

4.10க்குக் கிளம்பி, மழையிலேயே திருவாரூர் கடந்து, 6.35க்கு நாகப்பட்டினம். அதற்கு மேல் போக யாருக்கும் தெம்பில்லை. நீடாமங்கலத்துக்குப் போய் வந்ததையும் சேர்த்து ஓடியது 118 கிலோமீட்டர். துறைமுகத்துப் பக்கம் ஒரு விடுதியில் இரண்டு அறை. சகுந்தலா என் காலுக்கு மருந்து போட்டாள். வழியெல்லாம் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திட்டவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

வழக்கம்போல நோட்டில் எழுதினேன். பெட்ரோல் 2,000. தேநீர் 45. செல்வத்தின் படி 800. போகாத புதுச்சேரி அறைக்குக் கட்டி இழந்த முன்பணம் 2,600. நாகப்பட்டினம் அறைகள் 2,100. இரவு உணவு 330. படுதா 1,650.

சகுந்தலா எட்டிப் பார்த்தாள். "படுதாவை ஏன் செலவுல எழுதறீங்க? அது நம்மளுது. திரும்பறப்ப போய் எடுக்கப்போறோமே."

திரும்பும்போது விழுப்புரம், திருச்சி வழியாகவே தஞ்சாவூர் வந்துவிட முடியுமா என்று அதற்குள் நான் போனில் பார்த்துவிட்டிருந்தேன். முடியும். அந்தப் பெண்ணின் முன்னால் இன்னொரு தடவை போய் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. சகுந்தலாவிடம் அதைச் சொல்லவில்லை. படுதாவைக் கணக்கிலிருந்து அடித்துவிடவும் இல்லை.

அதையும் சேர்த்து, முதல் நாள் செலவு, ஒன்பதாயிரத்து ஐந்நூற்று இருபத்தைந்து ரூபாய்.