விளக்கு வைக்கும் நேரத்தில் ஏறும் ஆறு

எங்கள் பம்மல் வீட்டில், கூடத்து விளக்கின் சுவிட்சு வாசல் கதவை ஒட்டி இருக்கிறது. ஓரம் உடைந்துபோனதால் அப்பா அதைச் சுற்றிச் சிவப்பு டேப் ஒட்டியிருக்கிறார். பொழுது சாய்ந்து, அதன் மேல் விரலை வைக்கும்போது என் கை ஒரு கணம் தயங்கும். அழுத்தினால் எங்கோ தண்ணீர் ஏறும் என்று தோன்றும். இந்தத் தயக்கத்தை எனக்குள் விட்டுச் சென்றவர், என் வேலை மூலம் எனக்குக் கிடைத்த ஓர் அக்கா.

அப்பா தோல் பதனிடும் தொட்டிகளில் நின்று வேலை பார்த்தவர். அவருக்கும் அம்மாவுக்கும் கைநாட்டுதான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவள் நான். இதைப் பெருமையோடுதான் சொல்கிறேன். படிப்பு முடிந்ததும் தாம்பரத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேல் இருந்த சிறிய அலுவலகத்தில் சேர்ந்தேன். மலை ஆறுகளில் பாறையோடு பொருத்திய கருவிகள் நீர்மட்டத்தை அளந்து அனுப்பிக்கொண்டே இருக்கும். கீழே ஷேர் ஆட்டோக்காரர்கள் ‘பல்லாவரம், பல்லாவரம்’ என்று கத்த, எங்கோ ஒரு மலையில் ஓடும் தண்ணீர் என் திரையில் கோடாக ஓடும்.

எனக்குக் கவனிக்கக் கொடுத்தவை இரண்டு கோடுகள். ஒன்று பெரிய ஆறு. அதன் தண்ணீரைப் பகலெல்லாம் மேலே அணையில் பிடித்து வைத்து, ஊர்கள் விளக்குப் போடும் நேரத்தில் மின்நிலையத்தின் வழியாகத் திறந்துவிடுவார்கள். அந்தக் கோடு பகல் முழுக்கத் தரையில் போட்ட கயிறாகக் கிடக்கும். அந்தி வந்ததும் பாம்பாகத் தலை தூக்கும். மற்றது, கீழே வந்து அதோடு சேரும் சின்ன ஓடை. அதை யாரும் மறித்ததில்லை. மழைக்கு மெல்ல ஏறி, வெயிலுக்கு மெல்ல இறங்கும். ஒருநாள் போல் மறுநாள் இருக்காது.

கருவிகளில் இலையும் பாசியும் அடையாமல் துடைத்து வைக்கும் வேலையை, அந்த ஆற்றங்கரை ஊரில் இருந்த அக்கா பார்த்தார். நாற்பது வயதிருக்கும். தினமும் தொலைபேசியில் பேசுவோம். என்னைக் ‘கண்ணு’ என்பார். மேல் கருவியில் தண்ணீர் ஏறுவது எனக்கு முதலில் தெரியும். கீழே துணி துவைக்கும் இடத்துக்கு அது வந்து சேரச் சிறிது நேரம் ஆகும். தண்ணீர் திறப்பதை எச்சரிக்க மின்நிலையத்தில் சங்கு உண்டு. சில நாள் ஊதும், சில நாள் ஊதாது. எனவே கோடு நிமிர்ந்ததும் நான் கூப்பிடுவேன்: “அக்கா, ஏறிடுங்க.” அந்தப் பக்கம் அவர் பெண்களை அதட்டி மேட்டில் ஏற்றும் சத்தம் கேட்கும். எனக்குச் சொல்லப்பட்ட வேலைகளில் இது இல்லை. ஆனால் ஒருநாளும் நான் இதை விட்டதில்லை.

நான் வேலையில் சேர்வதற்கு முன்பே அக்காவின் தங்கையை அந்த ஆறு கொண்டுபோயிருந்தது. ஒரே ஒரு முறைதான் அதைப் பற்றிச் சொன்னார். “வானம் வெளேர்னு இருந்துச்சு கண்ணு. மழையும் இல்ல, சத்தமும் இல்ல. துணியெல்லாம் கரைப் பாறைல காயப் போட்டிருந்தா. நாங்க போய்ப் பாக்கறப்ப துணி காஞ்சுக்கிட்டிருந்துச்சு. அவதான் இல்ல.” அப்புறம், “செத்த ஆறுன்னாக்கூடப் பரவால்ல. இது செத்தும் எந்திரிச்சு நடக்குது” என்றார்.

அதற்குப் பிறகு அந்தப் பெண்கள் குளிக்க, துவைக்க, பிள்ளைகளை விளையாட விட எல்லாவற்றுக்கும் முடிந்தவரை சின்ன ஓடைக்குத்தான் போனார்கள். அதில் தண்ணீர் குறைந்த நாட்களில் மட்டும் பெரிய ஆற்றில் இறங்குவார்கள். அந்த ஓடையையும் மறித்துக் குழாயில் இறக்கி ஒரு மின்நிலையம் கட்டும் திட்டம் வந்தது. சென்னையில் நிபுணர் குழு கூடியபோது, ஊர் சார்பாகப் பேச அக்கா புறப்பட்டு வந்தார்.

தாம்பரம் ஸ்டேஷனில்தான் அவரை முதன்முதலாகப் பார்த்தேன். குரலை வைத்து நான் நினைத்ததைவிடக் குள்ளம். ஜி.எஸ்.டி. சாலையில் பம்மல் பஸ்ஸுக்காக நின்றோம். இருட்டத் தொடங்கியது. எதிரே நகைக்கடை முதலில் பளிச்சென்றது. அப்புறம் துணிக்கடை, ஓட்டல், தெருவிளக்குகள் என்று வரிசையாக வெளிச்சம் சாலை நெடுக எங்களை நோக்கி வந்தது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். கை ஐஸாக இருந்தது. “மேல வா கண்ணு” என்று நடைமேம்பாலத்துப் படிக்கட்டில் என்னை இழுத்துக்கொண்டு ஏறினார். மற்றக் கையால் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். கூட்டத்தில் ஒருவர், “இன்னாக்கா, கீய தண்ணியா நிக்குது?” என்று சிரித்துவிட்டுப் போனார். மேலே நின்று அக்கா கீழே பார்த்தார். வண்டிகளின் விளக்குகள் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தன. “இத்தனை லைட்டா?” என்றார். பிறகு மிகவும் தணிந்த குரலில், “இப்ப ஏறிட்டிருக்கும்” என்றார். என் கைபேசியைத் திறந்து பார்த்தேன். ஏறிக்கொண்டிருந்தது.

எந்த விளக்குக்கு எந்த ஆற்று மின்சாரம் வருகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதைத் தெரிந்துகொள்ளும் அளவுக்குப் படித்தவள் நான். அப்படியும் அந்தப் படிக்கட்டிலிருந்து இறங்க எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் வீட்டில் தங்கிய நாட்களிலும் விளக்குப் போட்டதும் அக்கா மொட்டை மாடிக்குப் போய்விடுவார். அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கிசுகிசுத்தாள்: “இன்னாடி இது, வெளக்கு வெச்சா மாடிக்கு ஓடுது உன் அக்கா? பேய் கீய் எதுனா புட்ச்சிகினு கீதா?” தங்கையின் கதையைச் சொன்னேன். மறுநாள் அந்தியில் அம்மா அக்காவுக்கு முன்பாகவே மாடிக்குப் போய்ப் பாய் விரித்து, டீயோடு உட்கார்ந்திருந்தாள்.

கூட்டத்தில் திட்டக்காரர்களின் ஆள் ஒருவர் பொறுமையாக விளக்கினார்: “பயப்பட வேண்டாம்மா. கீழே சராசரியா முழங்கால் அளவு தண்ணி எப்பவும் இருக்கும்.” அக்கா எழுந்தார். “பெரிய ஆத்துக்கும் இதையேதான் சொன்னீங்க சார். என் தங்கச்சி நீச்சல் தெரிஞ்சவ. முழங்கால் தண்ணியிலயா போனா?” அளவுகளைக் காட்ட அக்காவோடு போயிருந்த நான் இரண்டு கோடுகளையும் சுவரில் போட்டுக் காட்டினேன். பகலெல்லாம் வறண்டு, அந்தியில் ஆளை மூழ்கடிக்கும் ஆற்றுக்கும் சராசரிக் கணக்கில் முழங்கால் அளவுதான் வரும் என்று சொன்னேன். குழு திட்டத்தைத் திருப்பி அனுப்பியது. ஓடையை இன்னும் பல பருவங்கள் மணிக்கு மணி அளந்த பிறகுதான் முடிவு என்றது. அதுவரை அந்தக் கோடு அறுபடக் கூடாது. ஓடைக்கு இருக்கும் காவல் அது ஒன்றுதான்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் பேச்சில்லை, ஓடையின் சத்தம் மட்டும். சில நேரம் அவர் அப்படிச் செய்வதுண்டு, கைபேசியைத் தண்ணீர்ப் பக்கம் நீட்டி “கேளு” என்பார். அன்று “கேளு” என்ற சொல் வரவில்லை. வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு தொடர்பு அறுந்தது. அக்காவுக்குக் கடும் காய்ச்சல் என்றும், விடிவதற்குள் போய்விட்டார் என்றும் மறுநாள் அவருடைய பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். காய்ச்சலில் படுத்தவர் எப்படி ஓடைக்குப் போனார் என்று கேட்டேன். “போகலியேக்கா. பாயை விட்டே எந்திரிக்கல” என்றாள்.

இப்போது அந்தப் பெண்தான் கருவிகளைத் துடைக்கிறாள். நானும் அவளைக் ‘கண்ணு’ என்கிறேன். ஓடையின் கோடு இன்றுவரை அறுபடவில்லை.

நேற்று அந்தியில் எங்கள் தெருவில் கரண்ட் போனது. புழுக்கத்தில் எல்லோரும் வாசலுக்கு வந்து நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்க ஒரே வீச்சில் வெளிச்சம் வந்தது. பிள்ளைகள் “ஹேய்!” என்று கூவினார்கள். கைபேசியில் பெரிய ஆற்றின் கோடு நிமிர்ந்துகொண்டிருந்தது. அவளைக் கூப்பிட்டு, “கண்ணு, ஏறிடுங்க” என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்ச் சிவப்பு டேப் ஒட்டிய சுவிட்சை அணைத்தேன். ஒரு விளக்கை அணைப்பதால் ஆறு இறங்காது என்று எனக்குத் தெரியும். இருட்டுக் கூடத்தில் அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மெதுவாகத் தன் இரண்டு கால்களையும் தரையிலிருந்து தூக்கிக் கட்டிலின் மேல் வைத்துக்கொண்டாள்.