பிரகதீஸ்வரி டீச்சர் ரோபோ வாங்கிய கதை

காணும் பொங்கலன்று அறந்தாங்கியிலிருந்து வந்திருந்த அண்ணன் ரகுநாத், தங்கை வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு, "என்ன ஈஸ்வரி இது, ஒரு வீடா?" என்று கேட்டார்.

கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் எறும்புகள் சாரை சாரையாக ஊர்ந்துகொண்டிருந்தன. பொங்கலுக்குத் தட்டிய வெல்லத்தில் ஒரு துண்டு தெறித்து அந்த மூலையில் விழுந்திருக்கிறது. பிரகதீஸ்வரியின் கால் அங்கே போகாது. கால் போகாத இடத்தில் என்ன கிடக்கிறது என்று அவளுக்குத் தெரிய வழியில்லை. நான்கு வயதில் வந்த அம்மைக்குப் பிறகு அவளுக்குப் பார்வை கிடையாது.

"மூணு நாளாவே இருந்திருக்கும் போல. பெரிய ரூம்ல கட்டிலுக்குக் கீழ பாத்தியா? பாக்கவே..." என்று ஆரம்பித்த ரகுநாத், பாதியில் நிறுத்திக்கொண்டார். அவருடைய மனைவி செவந்தி துணியை நனைத்து வந்து எறும்புகளைத் துடைக்கத் தொடங்கினாள்.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் ரகுநாத் மனதில் வைத்திருந்ததைப் போட்டு உடைத்தார்.

"அம்மா போயி ரெண்டு வருசம் ஆச்சு. நானும் ஒண்ணும் சொல்லல. ஆனா இனிமே நீ இங்க தனியா இருக்க வேணாம். அறந்தாங்கி பக்கம் ட்ரான்ஸ்பர் கேளு. மாடி ரூம் சும்மாதான கெடக்கு?"

"கூட்டுறதுக்கு ஆள் இல்லாததுக்கா வீட்ட விட்டு வரச் சொல்றீங்க?"

"ஆள் இருந்தா மட்டும்? தோளு வேற போச்சு ஒனக்கு."

தோள் போனது உண்மைதான். பிரகதீஸ்வரிக்கு நாற்பத்தோரு வயது. புதுக்கோட்டையிலிருந்து அரை மணி நேரம் பஸ்ஸில் போனால் வரும் ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்தவள். துவைப்பது, சமைப்பது, கூட்டுவது எல்லாம் பத்து வயதிலேயே பழகியவள். கூட்டி முடித்ததும் செருப்பில்லாமல் வீடு முழுக்க ஒரு நடை நடப்பாள். உள்ளங்காலில் ஒரு மணல் ஒட்டினாலும் அந்த இடத்தை மறுபடி கூட்டுவாள். ஆனால் ஆறு மாதத்துக்கு முன் வலது தோள் இறுகிப்போய், கையை இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோக முடியவில்லை. குனிந்து கூட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வேலைக்குச் சந்தனம் என்ற அம்மாள் வந்துகொண்டிருந்தாள். எந்தப் பொருளை எடுத்தாலும் எடுத்த இடத்திலேயே வைக்கத் தெரிந்தவள். மகளுக்குத் திருப்பூரில் குழந்தை பிறந்ததும் அங்கே போய்விட்டாள். பிறகு வந்தவள் நல்ல பெண்தான். ஆனால் ஒருநாள் சுடுதண்ணீர்ச் சட்டியைத் தரையில், நடக்கும் வழியிலேயே வைத்துவிட்டு வாசல் தெளிக்கப் போய்விட்டாள். பிரகதீஸ்வரியின் இடது கால் வெந்தது. அந்தப் பெண்ணை நிறுத்திவிட்டு, அதற்குப் பிறகு பிரகதீஸ்வரி வேறு யாரையும் தேடவில்லை.

"ஒரு மாசம் டைம் குடுங்கண்ணே. அப்பயும் வீடு இப்படியே இருந்தா நீங்க சொல்றத கேக்குறேன்" என்றாள்.

ரோபோ யோசனை பிளெஸ்ஸியுடையது. அதே பள்ளியில் கணக்கு டீச்சர். ஸ்டாஃப் ரூமில் பக்கத்து நாற்காலி. "தட்டு மாதிரி இருக்கும் டீச்சர். அதுபாட்டுக்கு வீடெல்லாம் சுத்தி வந்து உறிஞ்சிரும். எங்க நாத்தனார் வீட்ல பாத்தேன்" என்றாள். அன்று மாலையே பிரகதீஸ்வரி செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, அந்த இயந்திரத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். இரண்டு விதம் இருப்பதாகப் புரிந்தது. ஒன்றில், சார்ஜ் ஏற்றிக்கொள்ள ரோபோ போய்ச் சேரும் நிலையத்தில் ஒரு பை இருக்கும். குப்பை தானாக அதற்குள் போய்விடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பையைக் கழற்றிப் போட்டால் போதும். இன்னொன்றில் பையே கிடையாது. ரோபோவின் வயிற்றில் ஒரு சின்னப் பெட்டி. அதைத் தினமும் நாம்தான் எடுத்துக் கொட்ட வேண்டும்.

அண்ணனுக்குப் போன் செய்து சொன்னபோது அவர் தயங்கவே இல்லை. "பை வச்சதே வாங்கு. நான் வாங்கித் தாரேன். தூசியில கைய வச்சுக்கிட்டு நீ எதுக்குக் கெடந்து அல்லாடணும்?"

சனிக்கிழமை பிளெஸ்ஸியும் அவளும் கீழ ராஜ வீதியில் ஒரு கடைக்குப் போனார்கள். விற்பனையாளர் பெயர் நிலவழகன். சின்ன வயதுக் குரல். "மேடத்துக்கு எந்த மாதிரி வேணும்னு கேளுங்க" என்று பிளெஸ்ஸியிடம் சொன்னார்.

"நீங்களே கேளுங்க. அவங்களுக்குக் காது நல்லாவே கேக்கும்" என்றாள் பிளெஸ்ஸி.

நிலவழகன் திணறிப்போனார். ஆனால் மனிதர் கெட்டிக்காரர். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, பை வைத்த மாடலைப் பெட்டியோடு கொண்டுவந்து அவள் கையிலேயே கொடுத்தார். பிரகதீஸ்வரி அதை மேலும் கீழும் தடவிப் பார்த்தாள். மேலே வழவழவென்று கண்ணாடி போல இருந்தது. விரலில் எதுவும் தட்டுப்படவில்லை.

"பட்டன் எங்க இருக்கு?"

"டச் மேடம். எல்லாமே ஆப்லதான்."

"பை நெறஞ்சிருச்சுன்னா எப்படித் தெரியும்?"

"ஆப்ல மெசேஜ் வரும்."

அவள் அங்கேயே அந்த ஆப்பைத் தன் செல்போனில் இறக்கினாள். அவளுடைய போன் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும். ஆப்பைத் திறந்து விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். "பட்டன்" என்றது போன். அடுத்ததைத் தொட்டாள். "பட்டன்." அடுத்தது, "பட்டன்." ஆப்பைச் செய்தவர்கள் எதற்கும் பெயர் வைக்கவில்லை. எது ஓட்டுவது, எது நிறுத்துவது, எது பை நிறைந்த செய்தி என்று அவளுக்குத் தெரிய வழியே இல்லை.

நிலவழகன் அதைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். "நாலு மாசமா இத விக்கிறேன் மேடம். இத நான் யோசிச்சதே இல்ல" என்றார்.

பிறகு பையில்லாதவற்றில் இரண்டை எடுத்துவந்தார். ஒன்று மலிவு. மற்றது நடுத்தரம். இரண்டிலும் மேலே அழுத்தும் பட்டன்கள் இருந்தன. நடுத்தர மாடலில் ஒன்று வட்டம், ஒன்று நீளம். விரல் வைத்ததும் வித்தியாசம் தெரிந்தது. பின்பக்கம் ஒரு கொண்டியை அழுத்தினால் குப்பைப் பெட்டி கையோடு வந்தது. அதைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றினாள். உள்ளே இருந்த பில்டரைத் தனியாக எடுத்தாள். நான்காவது முறை இடது கையாலேயே செய்தாள்.

"ஓட்டிக் காட்டட்டுமா?" என்று கேட்டு நிலவழகன் ஒரு காகிதத்தைக் கிழித்துப் போடப் போனார்.

"காகிதம் வேணாம்" என்றாள் பிரகதீஸ்வரி. கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த ஒரு செய்தித்தாள் பொட்டலத்தை எடுத்தாள். "இது எங்க வீட்டுக் குப்பை. காலையில பிளெஸ்ஸி டீச்சர் கூட்டிக் குடுத்தது. இதப் போட்டுப் பாப்போம்."

பிளெஸ்ஸி சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். காலையில் பொட்டலம் கட்டியபோது அது எதற்கென்று பிரகதீஸ்வரி அவளிடமும் சொல்லவில்லை. செம்மண் தூசி, வேப்பஞ்சருகு, தலைமுடி, இரண்டு துவரம்பருப்பு எல்லாம் கடையின் பளபளத்த தரையில் பரவின. பக்கத்தில் பிரிட்ஜ் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பமே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது.

மலிவான ரோபோ முதலில் ஓடியது. முடிந்ததும் பிரகதீஸ்வரி செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் நடந்தாள். சுவர் ஓரத்தில் நின்று, "இங்க மண்ணு இருக்கு" என்றாள். மீதிப் பொட்டலத்தைக் கொட்டி நடுத்தரத்தை ஓட்டினார்கள். மறுபடி நடந்தாள். ஓரம் வரை போய்த் திரும்பி வந்து, "இது போதும்" என்றாள்.

"தெனமும் நீங்கதான் கொட்டணும் மேடம். கொஞ்சம் தூசி பறக்கும்" என்றார் நிலவழகன், விற்பனையையும் மறந்து.

"பறக்கட்டும். கையில எடுத்துப் பாத்தா நெறஞ்சிருக்கா இல்லயான்னு எனக்கே தெரியும்ல?"

அண்ணனிடம் போனில் சொன்னபோது அவர், "ஒன் இஷ்டம்" என்று வைத்துவிட்டார்.

முதல் நாள் ஓட்டி முடித்து, பின்கட்டில் செய்தித்தாளை விரித்துப் பெட்டியைத் தட்டினாள். விழுந்ததைத் தொட்டுப் பார்த்தவள் கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பஞ்சு போல மெத்தென்ற தூசி, கயிறாகத் திரண்ட முடி, ஒரு பிடி மணல். மறுபடி ஓட்டினாள். மறுபடி நிறைந்தது. தன் வீட்டுக்கு வந்து போனவர்களையெல்லாம் ஒவ்வொருவராக நினைத்துக்கொண்டாள். தலைமை ஆசிரியை வந்திருக்கிறார். பக்கத்து வீட்டார் வந்திருக்கிறார்கள். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள் என்பதுதான் அவளை வாட்டியது. அண்ணன் சொன்னது சரிதானோ என்று அன்று முதல்முறையாகத் தோன்றியது.

திங்கட்கிழமை பள்ளியில் அவள் முகம் வாடியிருப்பதைப் பார்த்துப் பிளெஸ்ஸி துருவித் துருவிக் கேட்டாள். விஷயம் தெரிந்ததும், "அந்த மிஷினை எனக்கு ஒருநாள் குடுங்க" என்றாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வாங்கிப்போனாள். ஏழு மணிக்குப் போன் வந்தது.

"டீச்சர், மூணு தடவ கொட்டிட்டேன். இன்னும் ஹால்தான் முடிஞ்சிருக்கு!"

"நெசமாவா?"

"எங்க வீட்டுக்காரரு பாத்துட்டு, நீ தெனமும் கூட்டுறதா சொன்னது பொய்யாங்கறாரு. சோபாவுக்குக் கீழ இருந்து போன கிறிஸ்துமஸ் ஜிகினா வருது. கண்ணு நல்லா தெரியுற நாலு பேரு இருக்கோம் இந்த வீட்ல!"

பிரகதீஸ்வரி சிரித்தாள். சிரிப்பை நிறுத்த முடியாமல் கட்டிலில் சாய்ந்துகொண்டாள்.

ஆனாலும் ரோபோவோடு குடித்தனம் நடத்துவது அவ்வளவு சுலபமாக இல்லை. வாசலில் விட்ட செருப்பைத் தள்ளிக்கொண்டு போய்ப் பூஜை அலமாரி முன் விட்டது. கால்மிதியின் நூலை விழுங்கிக்கொண்டு கத்தியது. ஐந்தாம் நாள் எங்கோ மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் நின்றுவிட்டது. அவள் அதைத் தேடிப்போய், அதன் மேலேயே இடறி விழுந்தாள். நல்ல வேளை, இடது பக்கமாக விழுந்ததால் தோளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முழங்கால் மட்டும் கன்றிப்போயிற்று. அண்ணனிடம் அதைச் சொல்லவில்லை.

பிளெஸ்ஸி ஒரு சலங்கை மணியைக் கொண்டுவந்து அதன் தலையில் ஒட்டினாள். "இனிமே எங்க இருக்குன்னு தெரியும்."

"ஓடும்போது எனக்கே கேக்குது பிளெஸ்ஸி. நின்னாத்தான கேக்கல? நின்னா மணியும் அடிக்காதே!"

இருவரும் சிறிது நேரம் யோசித்தார்கள். பிறகு பிளெஸ்ஸி மணியைப் பிய்த்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

கடைசியில் பிரகதீஸ்வரியே வழி கண்டுபிடித்தாள். ரோபோ ஓடும்போது நாற்காலியில் கால்களை மேலே வைத்து உட்கார்ந்து, அது போகும் வழியைக் காதாலேயே தொடர்ந்தாள். ஒரு வாரத்தில் அது மாட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்றுதான் என்று தெரிந்தது. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் ஒரு பழைய சூட்கேஸை வைத்து அடைத்தாள். குளியலறை வாசலில் பலகை வைத்தாள். கால்மிதியைச் சுருட்டிவிட்டாள். இன்னொன்றும் அவள் காதில் விழுந்தது. மண் இருக்கும் இடத்தில் ரோபோவின் சத்தம் கரகரவென்று மாறியது. வாசற்படிக்குப் பக்கத்தில் அதிகம், ஜன்னலுக்குக் கீழே கொஞ்சம், அம்மா படுத்திருந்த அறையில் அனேகமாக இல்லை. வீட்டின் எந்த மூலை எப்படி இருக்கிறது என்று கால் வைக்காமலேயே தெரிந்தது. ரோபோ ஓடும் அந்தப் பதினைந்து நிமிடத்துக்காகவே அவள் பள்ளியிலிருந்து ஆவலோடு வர ஆரம்பித்தாள்.

மாசி முதல் ஞாயிற்றுக்கிழமை ரகுநாத்தும் செவந்தியும் மகள் வைஷ்ணவியோடு வந்தார்கள். ரகுநாத் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வோர் அறையாகப் போனார். கட்டிலுக்குக் கீழே குனிந்தார். சிலிண்டரை நகர்த்திப் பார்த்தார். பிரகதீஸ்வரி அடுப்படியில் காபி கலந்துகொண்டே, அவர் எங்கெங்கே போகிறார் என்று காலடிச் சத்தத்தை வைத்துக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

"கீழ சுத்தமாத்தான் இருக்கு" என்றார் அவர் கடைசியில். "மேல ஒட்டடை தொங்குது பாரு."

"மேல ஏறுற ரோபோ இன்னும் வரலண்ணே. வந்தா வாங்குவோம்" என்றாள் அவள்.

அவர் ஒட்டடைக் கம்பைத் தேடப் போனார். செவந்தி அடுப்படிக்கு வந்து கதவருகே நின்றாள்.

"ஈஸ்வரி, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க அண்ணன் குப்பைக்காகக் கூப்பிடல. அத்தைக்கு நெஞ்சு வலி வந்தன்னிக்கு அவங்க கொல்லையில விழுந்து கெடந்தத நீங்க எவ்வளவு நேரம் தேடுனீங்கன்னு அன்னிக்குச் சொன்னீங்கல்ல? அதுல இருந்து அவருக்குத் தூக்கமே இல்ல. உங்களுக்கும் அந்த மாதிரி ஆயி, யாரும் பாக்காம போயிட்டா என்ன பண்றதுன்னுதான்."

பிரகதீஸ்வரி டம்ளரை மேடையில் வைத்தாள். "இத அவரு என்கிட்ட சொல்லலாமே அண்ணி."

"அவரு எங்க சொல்லப் போறாரு? எறும்பத்தான் சொல்வாரு."

காபி கொடுக்கும்போது பிரகதீஸ்வரி அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். பக்கத்து வீட்டம்மாளிடம் ஒரு சாவி இருப்பதை, காலை ஆறரைக்குத் தன் வீட்டு லைட் எரியாவிட்டால் அவர் வந்து கதவைத் தட்டுவதை, தனக்கு வேண்டாத லைட்டை அதற்காகவே தினமும் போடுவதைச் சொன்னாள். இதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ரகுநாத் கேட்டுக்கொண்டே இருந்தார். "அந்தம்மா நம்பர எனக்கும் குடு" என்றார். அறந்தாங்கி பேச்சை அன்று எடுக்கவில்லை.

நான்கு நாள் கழித்துப் போன் வந்தது.

"வைஷ்ணவி பரீட்சை லீவுக்கு ஒன் வீட்டுலதான் இருப்பேன்னு அடம் பிடிக்கிறா. ஒனக்குத் தொந்தரவா இருக்குமா?"

"அனுப்பி வைங்க. எத்தன நாள்?"

"ஒரு பத்து நாள் இருக்கட்டும். நீ பாத்துக்குவல்ல?"

பாத்துக்குவல்ல என்று அண்ணன் தன்னிடம் கேட்டது அதுவரை நடந்ததே இல்லை. "பாத்துக்குவேன்" என்றாள் பிரகதீஸ்வரி. சித்திரையில் வைஷ்ணவி வந்து பன்னிரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள்.